ஒரு வழியும் இரு வழியும்

மேற்கே அரபிக் கடலும் கிழக்கே காயலுமாக இருபுறமும் நீர் சூழ அமைந்த நிலத்தில் மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் விளங்குகின்றன. அவற்றுக்குத் தெற்கே, காயலின் நடுவே தீவாகக் கிடக்கிறது கும்பளங்கி என்னும் ஊர். சீன வலைகளுக்கும் பொக்காளி நெல்லுக்கும் பெயர் பெற்ற அவ்வூரார், எர்ணாகுளம் செல்ல வேண்டுமானால் வடக்கே பெரும்படப்புப் பாலத்தைக் கடந்து தோப்பும்படியை அடைந்து, அங்கே மறுபடியும் நீரைக் கடக்க வேண்டும். வழி என்பதன் அருமையை உணர்ந்தவர்கள் இத்தகைய இடங்களில் வாழ்பவர்களே. சமவெளியில் ஒரு சாலை அடைபட்டால் வயல் வரப்பிலேனும் நடந்து விடலாம். காயல் சூழ்ந்த ஊரில் பாலம் அடைபட்டால் ஊரே அடைபட்டதாகும்.

தோப்பும்படியில் இன்று இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, 1920ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த பொறியியலறிஞர் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தையும் வில்லிங்டன் தீவையும் உருவாக்கிய காலத்தைச் சார்ந்த பழைய பாலம். மற்றொன்று 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலம். ஒன்றில் பழுது நேர்ந்தால் மற்றொன்று உதவும். ஆயினும் இரண்டும் தோப்பும்படியில் தொடங்கி, ஒரே வில்லிங்டன் தீவில் சென்று இறங்குகின்றன. அத்தீவுச் சாலையே அடைபடுமானால் இரண்டு பாலமும் இருந்து என்ன பயன்? அப்போது உதவுவது தெற்கே இடக்கொச்சி வழியாக அரூர் செல்லும் பாலமும், வடக்கே வைப்பினுக்குச் செல்லும் படகுத் துறையும், வைப்பினை எர்ணாகுளத்தோடு இணைக்க 2004ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்களுமே ஆகும். இரண்டு பாலங்கள் இருத்தல் வேறு. இரண்டு வழிகள் இருத்தல் வேறு. இந்த வேறுபாட்டை மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பதே இங்கு நாம் காணப்போகும் வரலாறு.

மட்டாஞ்சேரி மிளகு வாணிகத்தால் புகழ் பெற்றது. மிளகின் முன்பேர வாணிகத்துக்கென ஒரு சங்கம் 1957ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. அதன் கூடத்தில் வணிகர்கள் கூடிக் குரல் கொடுத்து விலை பேசுவர். வெளியூர் விலைகள் தந்தியாலும் தொலைபேசியாலும் வந்து சேரும். செய்தி தாமதித்தால் ஆதாயம் கெடுமேயன்றி வாணிகம் நின்று விடாது. கணக்கேடு கூடத்திலேயே இருந்தது. 2000க்குப் பிந்திய சில ஆண்டுகளில் குரல் வாணிகம் ஓய்ந்து, மின்னணு வாணிகம் அதன் இடத்தைக் கைக்கொண்டது. கணக்கேடு அப்போது கண்ணுக்கெட்டாத தொலைவுக்குச் சென்று விட்டது. வங்கிக் கணக்கும், நில ஆவணமும், மருத்துவமனைக் குறிப்பும், புகைவண்டிப் பயணச் சீட்டும் இன்று இவ்வாறே எங்கோ இருக்கும் வட்டுகளில் பதிவாகி உள்ளன.

பெரிய கணிப்பொறி நிலையங்களில் கணக்கைப் போடும் யந்திரம் ஒன்று. கணக்கேட்டைக் காக்கும் யந்திரம் மற்றொன்று. முன்னதைச் சர்வர் என்பர். பின்னதைப் பல சர்வர்களும் சேர்ந்து ஆளும் பொதுச் சேமிப்பகம் எனலாம். ஒரு பெரிய நெற்களஞ்சியத்தைச் சுற்றிப் பல சமையற்கூடங்கள் இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். களஞ்சியம் நிறைந்திருக்கிறது, அடுப்புகளும் எரிகின்றன. இடையிலுள்ள ஒற்றைக் கதவு திறக்கவில்லை என்றால் அன்றைக்கு ஊருக்கே பட்டினிதான். சர்வர் நலமாக இருந்து, சேமிப்பகமும் நலமாக இருந்து, இடையே ஓடும் ஒரு கம்பி அறுந்ததால் ஒரு நிறுவனம் முழுவதும் செயலற்றுப் போவது இத்தகையதே.

இந்த இடர் கணிப்பொறியோடு பிறந்ததன்று. தந்தி பரவிய 19ஆம் நூற்றாண்டிலேயே அது தலைகாட்டியது. 1857ஆம் ஆண்டில் இந்தியாவில் கிளர்ச்சி மூண்டபோது, அச்செய்தி இலண்டனை எட்டப் பல வாரங்கள் ஆயின. விரைந்து ஒரு தந்திக் கம்பி வேண்டும் என்று துடித்த ஆங்கில அரசின் ஆதரவோடு, 1859, 1860ஆம் ஆண்டுகளில் சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்குச் செங்கடலின் அடியில் கம்பி போடப்பட்டது. அது நிலைத்துப் பயன் தராமல் பழுதடைந்து போயிற்று. நம்பியிருந்தது ஒரே கம்பி. அது அறுந்தபோது கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

அதன்பின் 1864ஆம் ஆண்டில் பாரசீக வளைகுடாவில் ஒரு கம்பி போடப்பட்டது. அடுத்த ஆண்டில் அது துருக்கி நாட்டுத் தந்தி வழியோடு சேர்ந்து ஐரோப்பாவை எட்டியது. 1870ஆம் ஆண்டிலோ இரு புதிய வழிகள் ஏறக்குறைய ஒருசேரத் திறந்தன. சீமென்ஸ் நிறுவனத்தார் ஜெர்மனி, ருஷியா, பாரசீகம் ஆகிய நாடுகளின் ஊடே அமைத்த வழி ஒன்று. கிரேட் ஈஸ்டர்ன் என்னும் மாபெரும் கப்பல் பம்பாயிலிருந்து ஏடன் வரை கம்பி இறக்கிச் சென்றதால் நிறைவேறிய கடல்வழி மற்றொன்று. முன்னது பல அரசுகளின் நிலத்தில் செல்வது. பின்னது கடலடியில் செல்வது. ருஷியாவில் பனிப்புயல் கம்பத்தைச் சாய்த்தால் செங்கடல் கம்பிக்கு அதனால் கேடில்லை. செங்கடலில் பவளப்பாறை கம்பியைத் தேய்த்தால் பாரசீகத்துக் கம்பங்களுக்கு அதனால் கேடில்லை. ஒன்றின் இடர் மற்றொன்றைத் தொடாததால் அவை உண்மையிலேயே இரு வழிகளாயின.

தமிழ்நாட்டுக்கு இதே பாடத்தைப் புகட்டியது பாம்பன். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் புகைவண்டிப் பாலமே இராமேசுவரத் தீவை நிலத்தோடு இணைத்த ஒரே பாலமாக 74 ஆண்டுகள் இருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23ஆம் நாட்களின் இடையிரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது, பயணிகளோடு சென்ற ஒரு புகைவண்டியையும் கடல் விழுங்கியது, பாலத்தையும் சிதைத்தது. பொறியியலறிஞர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் பாலம் 46 நாட்களில் சீராக்கப்பட்டது. அது போற்றத்தக்க அருஞ்செயல். ஆயினும் இத்துணை விரைந்து சீராக்கினாலும் 46 நாட்கள் 46 நாட்களே. அத்தனை நாளும் தீவுக்குப் பாலம் இல்லை.

சாலைப் பாலம் 1988ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் பயன் பின்னர் நன்கு விளங்கியது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் பழைய புகைவண்டிப் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும் வரை, இரண்டாண்டுக்கு மேலாகத் தீவுக்குப் புகைவண்டி இல்லை. ஆயினும் யாத்திரிகர் வந்தனர், மீன் வெளியூர் சென்றது, வாழ்வு நடந்தது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. இரு பாலங்களும் அருகருகே ஒரே கடலைக் கடப்பவை. துரு ஒரு பாலத்தைத் தின்னும்போது மற்றது காக்கும். புயல் வந்தாலோ இரண்டையும் சேர்த்தே தாக்கும். எந்த இடருக்கு எதிராக இரண்டாம் வழி என்பதை முன்னரே கேட்டுத் தெளிய வேண்டும்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். தொடக்க நாளைய கணிப்பொறிகளில் வட்டு ஒன்று, கணிப்பொறி ஒன்று, இடையே கம்பி ஒன்று என்பதே பொதுவான அமைப்பு. வங்கிகளும் பங்குச் சந்தைகளும் பகல் முழுதும் யந்திரத்தையே நம்பத் தொடங்கியதும் அது போதாதாயிற்று. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் டிரைபிக் என்பவர் தோழர்கள் சிலரோடு சேர்ந்து டாண்டம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாக இருவர் மிதிக்கும் இரட்டை மிதிவண்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. 1976ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதல் யந்திரத்தில் எதுவும் ஒற்றையாக விடப்படவில்லை. கணிக்கும் பகுதிகள் இரண்டு முதல் பதினாறு வரை. அவற்றை இணைக்கும் பாதைகள் இரண்டு. ஒவ்வொரு வட்டுக்கும் இரண்டு வாயில்கள். ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று அந்தக் கணமே சுமையைத் தோளேற்றும். முதலில் அதனை வாங்கியது ஒரு வங்கி என்பதில் வியப்பில்லை.

1983ஆம் ஆண்டில் டிஜிட்டல் நிறுவனத்தார் வாக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றை ஒரு குழுவாகப் பிணைத்து, எல்லாம் ஒரே வட்டுத் தொகுதியை ஆளுமாறு செய்தனர். இன்றைய பொதுச் சேமிப்பகத்துக்கு அதுவே முன்னோடி. அவர்கள் அமைத்த இணைப்புக் கம்பியும் இரட்டை வழியாகவே இருந்தது. 1994ஆம் ஆண்டில் ஃபைபர் சானல் என்னும் முறை அமெரிக்கத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டதும், சர்வர்களையும் சேமிப்பகத்தையும் பிணைப்பதற்கென்றே தனியொரு வலை அமைக்கும் வழக்கம் பரவியது. அவ்வலையை ஒன்றாக அமைக்காமல், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வலைகளாக அமைப்பதே கைதேர்ந்தோர் மரபு. சர்வரில் இரண்டு இணைப்பு அட்டைகள், இடையே இரண்டு ஸ்விட்ச் தொகுதிகள், சேமிப்பகத்தில் இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகள் என்று, தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டும் தனித்தே செல்லும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரு வழியாக வந்து சேரும் ஒரே வட்டு, சர்வரின் கண்ணுக்கு இரண்டு வட்டுகளாகத் தோன்றும். ஒரு வீட்டுக்கு இரண்டு வாயில்கள் இருந்தால், வழிப்போக்கன் இரண்டு வீடுகள் என்று மயங்குவது போன்றது அது. இரண்டு வட்டுகள் என்றெண்ணிச் சர்வர் தனித்தனியே எழுதத் தொடங்கினால் கணக்கேடே குழம்பிவிடும். ஆதலால் இரண்டும் ஒன்றே என்று உணர்ந்து, நல்ல வழியைத் தேர்ந்து, பழுதான வழியை விலக்கும் பொறுப்பை ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்கின்றனர். கம்பி மட்டும் இரண்டு இருந்தால் போதாது. அவற்றை ஆளும் அறிவும் வேண்டும்.

நம் நாட்டில் பொதுமக்கள் இத்தகைய ஏற்பாட்டின் பயனைப் பெரிய அளவில் கண்டது புகைவண்டி முன்பதிவில் எனலாம். முன்னெல்லாம் தடித்த ஏடுகளில் கையால் எழுதப்பட்ட அப்பணி, 1980களின் நடுவில் தில்லியில் வாக்ஸ் கணிப்பொறிக்கு மாறிற்று. பின்னர்ப் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் அமைந்தன. 1999ஆம் ஆண்டில் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. எர்ணாகுளத்துச் சாளரத்தில் நிற்பவர் தில்லியிலிருந்து புறப்படும் வண்டியிலும் இடம் பெற முடிந்தது அதனாலேயே. வசதி பெருகியபோது பொறுப்பும் பெருகியது. ஏடு கையில் இருந்த காலத்தில் ஓர் ஏடு கிழிந்தால் ஒரு வண்டியின் பயணிகளுக்கே தொல்லை. எல்லா ஏடும் ஓரிடத்தில் சேர்ந்த பின், அவ்விடத்துக்குச் செல்லும் வழி அறுமானால் வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கானோரும் காத்திருக்க நேரும். ஒன்றாகச் சேர்க்கும் பொருள் பெருகப் பெருக, அதற்குச் செல்லும் வழிகளும் பெருகியாக வேண்டும்.

அறைக்குள் கண்ட இவ்வுண்மை கடலடியிலும் அப்படியே பொருந்துவதைக் கொச்சியின் கடற்கரை காட்டுகிறது. ஜெர்மனி முதல் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் வரை ஏறத்தாழ 39,000 கிலோமீட்டர் நீண்ட சீ-மீ-வீ 3 என்னும் ஒளியிழைக் கம்பி 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பணி தொடங்கியது. அது இந்தியாவில் கரையேறிய இடங்கள் மும்பையும் கொச்சியும் ஆகும். 2002ஆம் ஆண்டில் ஸேஃப் என்னும் மற்றொரு கம்பியும் கொச்சிக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், மொரீசியஸ் தீவுகளைத் தொட்டுக் கொச்சியை அடைந்து, மலேயாவின் பினாங்கு வரை அது செல்கிறது; தொலைவு ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். முன்னது சூயஸ் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. பின்னதோ ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைச் சுற்றிச் செல்லும் வேறொரு கம்பியோடு சேர்ந்து, சூயஸைத் தொடாமலே ஐரோப்பாவை அடைய வழி திறந்தது. மிளகு தேடி வாஸ்கோ ட காமா நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த பழைய மார்க்கமும், அராபியரின் செங்கடல் மார்க்கமும் ஒளியிழையின் உருவில் மீண்டும் மலையாளக் கரையில் கூடின என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்தகைய வேறு மார்க்கம் ஏன் வேண்டும் என்பதை 2008ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்னும் இரண்டு கம்பிகளும் அறுந்தன. இருவேறு நிறுவனங்களின் கம்பிகள், இருவேறு பெயர்கள், கடக்கும் வாயிலோ ஒன்றே. இந்தியாவின் இணையத் திறனில் ஏறக்குறைய பாதி குன்றியதாக அந்நாளில் கூறப்பட்டது. இரண்டு நாளில் துபாய்க்கும் ஓமானுக்கும் இடையே ஃபால்கன் என்னும் கம்பியும் அறுந்தது. கைவிடப்பட்ட ஒரு நங்கூரமே அதற்குக் காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அதன் எடை 5 டன்னுக்கும் மேல். அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் மத்தியதரைக் கடலில் சீ-மீ-வீ 3, சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய மூன்றுமே ஒருசேரப் பழுதுற்றன. மூன்று கம்பிகள் இருந்தும் வழி ஒன்றே என்பது அன்று வெளிப்பட்டது. கிழக்கே சிங்கப்பூர் வழியாகப் பசிபிக் கடலைச் சுற்றிச் செய்தியை அனுப்ப முடிந்தவர்கள் தாமதத்தோடேனும் பணியைத் தொடர்ந்தனர்.

பதினேழு ஆண்டுகள் கழித்தும் இடர் தீரவில்லை. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டாவுக்கு அருகே கம்பிகள் அறுந்தபோது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணையம் தளர்ந்தது. ஒடுங்கிய நீர்வாயில் ஒன்றில் பல நாடுகளின் கம்பிகளும் நெருங்கிச் செல்லும் வரை இது நேர்ந்துகொண்டே இருக்கும். மறுபுறம் கொச்சியிலேயே ஒரு நற்செயலும் நிகழ்ந்தது. வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்த இலட்சத்தீவின் 11 தீவுகளுக்குக் கொச்சியிலிருந்து கடலடிக் கம்பி போடப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. விண்வழியும் கடல்வழியும் இயல்பிலேயே வேறானவை. நங்கூரம் செயற்கைக்கோளை எட்டாது. மழைமேகம் கடலடிக் கம்பியை மறைக்காது.

இவ்வளவும் கண்ட பின், கணிப்பொறி அறைக்கு இரண்டாம் வழி அமைப்போர் கருத வேண்டியவை தாமே விளங்கும். இரண்டு கம்பிகளும் ஒரே குழாயில் சென்றால் ஒரு கடப்பாரை இரண்டையும் அறுத்து விடும். இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே மின்தொடரில் இருந்தால் ஒரு மின்தடை இரண்டையும் அணைத்து விடும். ஒரே திருத்தத்தை ஒரே இரவில் இரண்டு வலைகளிலும் புகுத்தினால் ஒரு பிழை இரண்டையும் வீழ்த்தி விடும். எண்ணிக்கை இரண்டாக இருந்தாலும் விதி ஒன்றாகி விடுகிறது.

அளவையும் கருத வேண்டும். இரு வழிகளும் ஒவ்வொன்றும் தன் திறனில் முக்கால் பங்குச் சுமையைத் தாங்கி நிற்கின்றன என்று கொள்வோம். ஒன்று வீழ்ந்ததும் மற்றொன்றின் தலையில் ஒன்றரை மடங்குச் சுமை ஏறும். அதுவும் மூச்சுத் திணறும். இரண்டும் தத்தம் திறனில் பாதிக்குள் நின்றாலொழிய ஒன்று மற்றொன்றைக் காக்காது. இன்னும் கொடியது, அறியாமல் நேரும் ஒற்றை வழி. முதல் வழி அறுந்ததும் இரண்டாவது ஓசையின்றிப் பணியை ஏற்று நடத்துவதால், அறுந்ததை ஒருவரும் அறிவதில்லை. மாதங்கள் கழித்து அந்த இரண்டாவதும் அறும்போதுதான் நாம் நெடுநாளாக ஒற்றைக் கயிற்றில் தொங்கினோம் என்பது தெரிய வருகிறது. ஆதலின் குறித்த நாட்களில் ஒரு வழியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தல் இன்றியமையாதது. சோதிக்கப்படாத இரண்டாம் வழி வெறும் நம்பிக்கையே.

இரண்டு வழிகள் இருப்பதால் கணக்கேடு இரண்டாகி விட்டது என்று மயங்கவும் கூடாது. களஞ்சியத்துக்குக் கதவு இரண்டு இருந்தாலும் உள்ளே நெல் ஒன்றே. எலி புகுந்தால் இரண்டு கதவும் அதனைக் காக்க மாட்டா. தவறாக அழித்த கணக்கு எந்த வழியாகச் சென்று பார்த்தாலும் அழிந்தே இருக்கும். படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் தனியான கடமை.

எல்லா இடத்திலும் இரட்டை வழி வேண்டும் என்பதும் அறிவுடைமை ஆகாது. இரண்டாம் வழிக்குப் பொருட்செலவு உண்டு. அதனைப் பேணும் உழைப்பும் உண்டு. அரை நாள் நின்றால் எவருக்கும் தீங்கில்லாத சிறு அலுவலகத்துக்கும், பழகிப் பார்ப்பதற்கென வைத்த யந்திரத்துக்கும் ஒரு நல்ல கம்பியும் கைவசம் ஒரு மாற்றுக் கம்பியும் போதும். ஆனால் நோயாளியின் குறிப்பு மருத்துவருக்குக் கிட்டாமற் போகுமானால், உழைத்தவன் கூலி வங்கியிலிருந்து வராமற் போகுமானால், அங்கே இரண்டாம் வழியை ஆடம்பரம் என்பது பொருந்தாது. நிற்பதால் யாருக்கு என்ன இழப்பு என்று கணக்கிட்ட பின்னரே கம்பியின் விலையைக் கணக்கிட வேண்டும்.

செங்கடல் கம்பி பழுதான பின்னரே மாற்று வழிகள் பிறந்தன. பாம்பனில் புயல் அடித்து 24 ஆண்டுகள் கழித்தே சாலைப் பாலம் வந்தது. இழந்த பிறகு வழி தேடுவதே மனிதனின் பழைய வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. வருமுன் காப்பவர் ஒரு கேள்வியை மட்டும் நாள்தோறும் கேட்டுக் கொண்டால் போதும்: என்னிடம் உள்ள இரண்டு வழிகளும் ஒருசேர அடைபடக் கூடிய இடம் எங்கே இருக்கிறது? அந்த இடத்தைக் கண்டு விலக்கியவருக்கே இரண்டு வழிகள் உண்டு. மற்றவர்களுக்கு இருப்பது இரண்டு கம்பிகளே.